மூன்று வயதுப் பிள்ளையோடு கிறிஸ்மஸ்: நாகர்கோவிலா, பாண்டியா, கோவாவா, கொச்சியா?

கிறிஸ்மஸ் லீவு என்றதும் சென்னையில் பாதிப் பேருக்கு ஊட்டியும் கொடைக்கானலும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. வாழ்த்து அட்டையில் பனி கொட்டுகிறதே, நாமும் நாலு நாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்தால்தான் பண்டிகை மாதிரி இருக்கும் என்று ஒரு நினைப்பு. பெரியவர்கள் மட்டும் என்றால் தாராளமாகப் போகட்டும். மூன்று வயதுப் பிள்ளை கூட இருந்தால் நான் மலைப்பக்கமே திரும்ப மாட்டேன். டிசம்பர் கடைசி என்பது ஊட்டியில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலம். மேட்டுப்பாளையம் தாண்டியதும் வளைவுக்கு வளைவு வாந்தி. மேலே போனதும் மூக்கொழுகல். ராத்திரி கம்பளியை உதைத்துத் தள்ளும் பிள்ளையை மறுபடி மறுபடி மூடிவிடுவதற்கே ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

வெதுவெதுப்பான ஊரில் இந்தத் தொல்லை கிடையாது. வெறுங்காலோடு ஓடலாம், ஒற்றை ஜட்டியோடு மணலில் உட்காரலாம், காலையில் அலசிப் போட்ட சட்டை சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். கடைசியில் சொன்னது சில்லறை விஷயமாகத் தெரியலாம். ஒரு நாளைக்கு நாலு தடவை உடை மாற்றுகிற வயசில் பெட்டி எவ்வளவு கனக்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

ஆகவே கடற்கரை ஊர்தான் என்பதில் எங்கள் வீட்டில் சண்டை இல்லை. எந்தக் கடற்கரை என்பதில்தான் பட்டிமன்றம். வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் நாகர்கோவில், அதனால் அது பேசாமலே பட்டியலில் ஏறிவிட்டது. நாத்தனார் கோவா என்றாள். கார் இருக்கும்போது எதற்கு அலைச்சல், பாண்டிச்சேரி போதுமே என்றது நட்பு வட்டாரம். கொச்சியைச் சொன்னது நான். இதே கேள்வியோடு பல வீடுகள் இருக்கும் என்பதால், நாங்கள் எதை எதோடு வைத்துப் பார்த்தோம் என்று எழுதிவிடுகிறேன்.

ஊர்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பிள்ளையின் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். மூன்று வயசுக்கு ஒரு நாள் என்பது முழு நாள் இல்லை. காலை எழுந்து, பல் தேய்த்து, சாப்பாட்டுப் போராட்டம் முடிந்து வெளியே கிளம்ப எட்டரை ஆகும். பதினொன்றுக்கு வெயில் ஏறிவிடும், பிள்ளைக்கு முகம் சிணுங்கும். ஒரு மணிக்குத் தூங்கினால் மூன்றரை வரை அசையாது. திரும்ப நாலரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் படுக்கைக்கு வந்துவிட வேண்டும். ஆக, கையில் இருப்பது காலையில் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு. மதியத் தூக்கத்தைக் காரில் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு மூன்று இடத்தை ஒரே நாளில் பார்க்கத் திட்டமிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். நாலாவது மணி நேரத்தில் அந்தக் குடும்பத்தின் முகங்களைப் பார்க்க வேண்டும். ஆகவே ஓர் ஊரில் எத்தனை இடங்கள் இருக்கின்றன என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. தங்குகிற அறையிலிருந்து பத்து நிமிட நடையில் என்ன இருக்கிறது? மாலை அந்த மூன்று மணி நேரத்தில், பிள்ளை கண்ணால் பார்க்கக்கூடிய கிறிஸ்மஸ் அங்கே உண்டா? இவை இரண்டையும்தான் கேட்டுப் பார்த்தேன்.

அதற்கும் முன்னால் மழை. டிசம்பர் நல்ல மாதம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் ஒரு டிசம்பர், அந்தப் பக்கம் வேறொரு டிசம்பர். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் முடியும்வரை நம் கரையில்தான் நிற்கும். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30-ஆம் தேதி. புத்தாண்டுக்கு இரண்டே நாள் பாக்கி. 2017-ல் ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது நவம்பர் 30. 2023 டிசம்பர் நடுவில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவில் சிக்கினார்கள். எல்லா வருஷமும் இப்படி ஆகும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் மழைநாள் என்றால் பெரியவர்களுக்கு பஜ்ஜியும் டீயும் கிடைத்தால் போதும். ஓடியாடும் பிள்ளையை ஓட்டல் அறைக்குள் ஒரு முழு நாள் வைத்திருந்து பாருங்கள், அப்புறம் தெரியும்.

கொச்சிக்கும் கோவாவுக்கும் பெருமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் தென்மேற்குப் பருவத்தில். டிசம்பர் கடைசியில் கோவாவில் மழை அநேகமாக இல்லை, கொச்சியில் எப்போதாவது ஒரு தூறல். பகலில் 31, 32 டிகிரி. இரவில் கோவா 20 பக்கமும் கொச்சி 23 பக்கமும் இறங்கும். மின்விசிறியே போதும். வானிலையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் மேற்குக் கரைக்குத்தான் எழுத வேண்டும்.

ஆனால் நாகர்கோவிலை வானிலை வைத்து ஒதுக்கிவிட முடியுமா? கிறிஸ்மஸ் என்ற விஷயத்தில் மற்ற மூன்று ஊரும் அதற்குப் பக்கத்தில் வராது. டிசம்பர் 3-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு மாவட்டத்துக்கே லீவு விடுவார்கள். அன்றைக்கே ஊர் பண்டிகைக்குள் இறங்கிவிடும். வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும், தெருமுனையில் இளைஞர்கள் சேர்ந்து குடில் கட்டுவார்கள், அதில் மலை, ஓடை, மின்விளக்கு எரியும் கிராமம் எல்லாம் வரும். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு சாயங்காலம் தெருவில் நடந்தாலே போதும், டிக்கெட் வாங்க வேண்டாம். வீட்டுக்குள் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, தட்டு நிறைய யார் யாரோ கொடுத்துவிட்ட பலகாரம்.

கேரல் ரவுண்ட்ஸ் மட்டும் கொஞ்சம் சிக்கல். அது எங்கள் தெருவுக்கு வந்து சேர நடுராத்திரி தாண்டிவிடும். டிரம் முழக்கத்தோடு, பிளாஸ்டிக் முகமூடி போட்ட கிறிஸ்மஸ் தாத்தா வாசலில் வந்து ஆடுவார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தூக்கத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்த சின்னதுகளோ, அந்த முகமூடியின் அசையாத சிவப்புக் கன்னத்தைப் பார்த்து வீறிடும். தாத்தா குனிந்து மிட்டாய் நீட்ட நீட்ட அழுகை கூடும். கடைசியில் தாத்தா முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு, வேர்வை வழிய, “மாமாதான் மக்கா, பயப்படாத” என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்கப்புறம் வெடிச் சத்தம். அப்புறம் விடிவதற்கு முன்பே ஆராதனைக்குக் கிளம்ப வேண்டும். தூக்கம் கெட்ட பிள்ளை 25-ஆம் தேதி பகல் முழுக்க யார் இடுப்பில் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஊருக்குப் போவது பிள்ளைக்கு விடுமுறை, மகனுக்கு விடுமுறை, மருமகளுக்கு இடமாற்றம். என் மாமியார் தங்கமானவர், ஒரு வேலை சொல்ல மாட்டார். ஆனால் அவர் அடுப்படியில் நிற்கும்போது நான் திண்ணையில் கால் நீட்டி உட்கார முடியுமா? வந்து போகிறவர்களுக்குக் காபி கலப்பதிலேயே பண்டிகை போய்விடும். வெளியே சுற்றலாம் என்றால், டிசம்பரில் ஐயப்ப பக்தர்கள் சபரிமலை போகிற வழியில் கன்னியாகுமரிக்கும் வருவார்கள். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுக்கு வரிசை எங்கேயோ நிற்கும். பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கிற 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ல் திறந்தபின் கூட்டம் குறையப்போவதுமில்லை. சங்குத்துறை, சொத்தவிளை கடற்கரைகள் பார்க்க அழகு, ஆனால் அலை முரட்டு அலை. கால் நனைப்பதோடு சரி.

பயணம் பற்றி ஒரு வார்த்தை. எழும்பூரிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்தே பாரத் சுமார் 9 மணி நேரத்தில் போய்விடுகிறது. ஆனால் அது உட்கார்ந்து போகிற ரயில். 5 வயதுக்குள் இருந்தால் டிக்கெட் வேண்டாம், சீட்டும் கிடையாது. 9 மணி நேரமும் மடியில். இந்த வயசுக்கு இரவு ரயில்தான் சரி. படுத்தால் தூங்கிவிடும், கண் விழித்தால் ஊர்.

பாண்டிக்கு வருவோம். சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாக 150 கிலோமீட்டர், நம் கார், நம் நேரம். நடுவில் மாமல்லபுரத்தில் நிறுத்திப் பால் கொடுக்கலாம், வாந்தி எடுத்தால் வண்டியை ஓரம் கட்டலாம். சிறுபிள்ளை இருக்கிற வீட்டுக்கு இதைவிடச் சௌகரியம் வேறில்லை. மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள் என்பது இன்னொரு பெரிய வரம். நடுரோட்டில் பிள்ளையை இறக்கிவிட்டு, ஓடு என்று சொல்லக்கூடிய சாலை தமிழ் பேசும் ஊர்களில் எத்தனை இருக்கின்றன? ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா, பிரெஞ்சுத் தெருக்கள் பக்கம் பழைய தேவாலயங்கள், எல்லாம் விளக்கொளியில் நன்றாகவே இருக்கும்.

குறை என்னவென்றால், அந்தக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருப்பது பெரும்பாலும் பாறை. மணலில் உட்கார வேண்டுமென்றால் சுண்ணாம்பாறு படகுத்துறைக்குப் போய் பாரடைஸ் பீச்சுக்குப் படகு ஏற வேண்டும். லீவு நாளில் அங்கேயும் வரிசை. மழை வந்தால் படகும் இல்லை. அப்புறம், பாண்டிக்கு ஆண்டிறுதியில் கிளம்பி வருகிற கூட்டம் எதற்காக வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். 23, 24 தேதிகளில் போய் 26-க்குள் திரும்பினால் நல்ல ஊர். வானிலை அறிக்கையைப் பார்த்து முந்தைய நாள் ராத்திரிகூட ரத்து செய்யக்கூடிய அறையாக எடுத்தால், நாலில் மிகக் குறைந்த துணிச்சல் கேட்பது பாண்டிதான். நீண்ட விடுமுறையாக அதை என்னால் நினைக்க முடியவில்லை.

நடுவில் ஒரு சித்தப்பா, “இவ்வளவு யோசிக்கிறதுக்கு சிங்கப்பூர் போய்ட்டு வந்துடலாமே” என்றார். குழந்தை வண்டி தள்ளுவதற்கு அதுபோல் ஊர் இல்லை, ஆர்ச்சர்ட் ரோடு விளக்குகளும் அருமை. ஆனால் அங்கேயும் டிசம்பர் மழை மாதம். இரண்டு வயது தாண்டினால் பிள்ளைக்குத் தனி சீட், தனி டிக்கெட். நாலு மணி நேர விமானம், பாஸ்போர்ட், விசா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

கோவாவைப் பற்றிப் பேசும்போது வடக்கு, தெற்கு என்று பிரித்துவிட வேண்டும். பாகா, கலங்குட் இருக்கிற வடக்குப் பக்கம் டிசம்பர் கடைசியில் சின்னப் பிள்ளைக்கு உகந்த இடமே இல்லை. கூட்டமும் சத்தமும் அப்படி. தெற்கு கோவா வேறு கதை. கோல்வா, பெனாலிம் பக்கம் நீண்ட மணல். இன்னும் தெற்கே பாலோலெம் பிறை வடிவக் குடா, அலை அடங்கிய கடல், ஆழம் மெதுவாகத்தான் கூடும். இடுப்பில் டவலோடு அம்மா கரையில் உட்கார்ந்திருக்க, முழங்கால் தண்ணீரில் பிள்ளை வாளியோடு விளையாடக்கூடிய கடல் இந்த நாலு ஊரிலும் இங்கேதான். முக்கியக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள், சிவப்புக் கொடி நட்ட இடத்தில் இறங்க விட மாட்டார்கள்.

கிறிஸ்மஸும் குறைவில்லை. கத்தோலிக்கக் கிராமங்களில் வீட்டு வாசலில் நட்சத்திர விளக்கு, குடில், தட்டில் நெவ்ரி, தொதோல், பெபிங்கா. நம் ஊர்ச் சோமாசிக்கும் நெவ்ரிக்கும் முகச்சாயல் அப்படியே இருக்கும். பழைய கோவாவில் பாம் ஜீசஸ் பசிலிக்காவில்தான் சவேரியாரின் உடல் இருக்கிறது. முத்துக்குளித்துறையிலும் கோட்டாறு பக்கமும் நடந்து திரிந்தவர் என்பதால் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அது அந்நிய இடமாகத் தோன்றாது.

இவ்வளவு இருந்தும் கோவாவை நான் தள்ளிவைத்ததற்குக் காரணம் இடையில் இருக்கிற தொல்லைகள். அங்கே இரண்டு விமான நிலையங்கள்: தெற்குக்குப் பக்கமாக தாபோலிம், வடக்குக் கோடியில் மோப்பா. டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று மோப்பாவுக்கு எடுத்துவிட்டு பாலோலெமில் அறை போட்டால், விமானத்தில் இருந்ததைவிட அதிக நேரம் டாக்ஸியில் இருக்க வேண்டும். டாக்ஸிக் கட்டணமும் விமான டிக்கெட்டோடு போட்டி போடும். நாம் பழகிய ஓலா, ஊபர் அங்கே ஓடுவதில்லை. சென்னையிலிருந்து தினசரி ரயில் வசதியும் கிடையாது. அப்புறம், டிசம்பர் 24-லிருந்து ஜனவரி 1 வரை அறை வாடகை எங்கேயோ போய்விடும். அதோடு நிற்காது: நிறைய ரிசார்ட்டுகள் 24, 31 இரவுகளுக்கு காலா டின்னர் என்று ஒன்றைக் கட்டாயமாக்கி, தலைக்கு இவ்வளவு என்று பில்லில் சேர்த்துவிடும். எட்டு மணிக்குத் தூங்குகிற பிள்ளை வைத்திருப்பவர்கள், பத்து மணிக்குச் சூடுபிடிக்கிற விருந்துக்குப் பணம் கட்டிவிட்டு, அறையில் விளக்கை அணைத்து உட்கார்ந்து அந்த டிஜே சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளைக்கு ஆறேழு வயசாகி, நீச்சல் தெரிந்து, பத்து மணி வரை விழித்திருக்கவும் பழகிய பின் தெற்கு கோவாதான் முதல் இடம் என்று நானே சொல்வேன்.

கொச்சி என்று நான் சொல்வது ஃபோர்ட் கொச்சியை மட்டும். எர்ணாகுளத்தில் தங்கினால் அது இன்னொரு நகரம், அவ்வளவுதான். ஃபோர்ட் கொச்சியில் பழைய வீடுகளை ஹோம்ஸ்டேயாக நடத்துகிற குடும்பங்கள் நிறைய. வீட்டுக்காரர்கள் மாடியிலோ கீழேயோ குடியிருப்பார்கள். காலையில் புட்டும் அவித்த நேந்திரம்பழமும், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வரும். மசாலா இல்லாத சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். ராத்திரி பத்து மணிக்குப் பால் சுட வைக்க வேண்டுமென்றால் ஓட்டல் ரூம் சர்வீஸோடு மல்லுக்கட்டாமல், கதவைத் தட்டி “சேச்சி” என்று கூப்பிட்டால் வேலை முடிந்தது.

காலைத் துண்டுக்குச் சீன வலைகள் இருக்கின்றன. பெரியவர்கள் ஒரு போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் நாடகம். நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, எதிர்ப்பாரமாகக் கட்டிய பெரிய பெரிய கற்கள் வரிசையாக ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். அந்தப் பக்கம் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு வலை மேலே எழும். வலை முழுக்கத் தேடினால் நாலைந்து சின்ன மீனும் ஒரு பிளாஸ்டிக் பையும் இருக்கும். உடனே வலை மறுபடி தண்ணீருக்குள். மூன்று வயசுக்கு இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம், காசும் கேட்பதில்லை. மேலே காக்கா, கீழே பூனை. போதாததற்கு வைப்பின் தீவுக்குப் போகிற ரோ-ரோ படகில் லாரியும் ஆட்டோவும் ஏறி இறங்குகிற காட்சி.

படகுகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023-ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ இப்போது ஃபோர்ட் கொச்சி வரை வருகிறது. ஏசி போட்ட மின்சாரப் படகு, பெரிய கண்ணாடி ஜன்னல், கட்டணம் ஆட்டோ செலவைவிடக் குறைவு. எர்ணாகுளம் ஐகோர்ட் துறைக்குப் போய்விட்டு அடுத்த படகில் திரும்பி வருவதே ஒரு காலைப்பொழுதுக்குப் போதும். கப்பல் கட்டும் துறையும் துறைமுகமும் இருக்கிற ஊர் என்பதால் நிஜக் கப்பல்களும் கண்ணில் படும்.

மாலைக்குக் கிறிஸ்மஸ். தெருவெல்லாம் காகித நட்சத்திரங்கள். ‘வெளி’ என்று பெயருள்ள மைதானத்தில் இருக்கிற பிரம்மாண்டமான தூங்குமூஞ்சி மரத்தை விளக்குகளால் மூடிவிடுவார்கள். ஆயிரக்கணக்கானோர் அதைப் பார்க்கவே வருவார்கள். ஏழு மணிக்கு முன்னால் போய்விட்டால் பிள்ளையைக் கீழே இறக்கிவிட இடம் இருக்கும். சாண்டா குரூஸ் பசிலிக்காவும், நாலடி நடந்தால் புனித பிரான்சிஸ் ஆலயமும். வாஸ்கோ ட காமா கொச்சியில் இறந்தது 1524 டிசம்பர் 24, கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள். இந்த ஆலயத்தில்தான் அடக்கம் செய்தார்கள். 1539-ல் எலும்புகளை போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கல்லறை இருந்த இடம் மட்டும் கம்பி வேலிக்குள் இருக்கிறது. மட்டாஞ்சேரி அரண்மனை, யூதர் தெரு எல்லாம் பிள்ளை இல்லாமல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களில் பலர் டிசம்பர் முழுக்க இறைச்சி தொடாமல் இருபத்தைந்து நாள் நோன்பு இருப்பார்கள். அது முடிகிற கிறிஸ்மஸ் காலையில் அப்பமும் ஸ்டூவும். தேங்காய்ப்பாலில் கொதித்த அந்த ஸ்டூவில் மிளகைத் தவிர்த்து உருளைக்கிழங்கை மசித்தால் எந்தப் பிள்ளையும் சாப்பிடும். பிளம் கேக் வாங்கும்போது மட்டும் கேளுங்கள். பழங்களை ரம்மில் ஊறவைத்துச் செய்ததும் உண்டு, பழச்சாற்றில் ஊறவைத்ததும் உண்டு. கடைக்காரர் எது எது என்று சொல்லிவிடுவார்.

கொச்சிக்குக் குறை இல்லாமலா? முதல் குறை கொசு. கொச்சிக் கொசுவைப் பற்றிக் கொச்சிக்காரர்களே ஜோக் அடிப்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னல் மூடாத அறையில் பிள்ளையைப் படுக்கவைத்தால் காலையில் முகம் தடித்திருக்கும். முழுக்கை, முழுக்கால் பருத்தி உடை, மடிக்கிற கொசுவலை இரண்டும் பெட்டியில் இல்லாமல் கிளம்பக் கூடாது. இரண்டாவது, ஃபோர்ட் கொச்சிக் கடல் குளிக்கிற கடல் இல்லை. நீரோட்டம், ஆகாயத்தாமரை, குப்பை. மணல் வேண்டுமென்றால் வைப்பின் தீவின் வடக்குக் கோடியில் இருக்கிற செராய்க்கு ஒரு நாள் காலை போய்விட்டு மதியத் தூக்கத்துக்குத் திரும்பலாம். மூன்றாவது, ஆண்டிறுதி. 31-ஆம் தேதி நள்ளிரவு பாப்பாஞ்ஞி என்கிற பெரிய கிழவன் பொம்மையைக் கொளுத்துவார்கள். ஊரே நெரியும், சாலைகளை மூடிவிடுவார்கள். பிள்ளையோடு அந்த இரவில் அங்கே மாட்டிக்கொள்ளவே கூடாது. 28-ஆம் தேதிக்குள் கிளம்பிவிட வேண்டும்.

நாலையும் பக்கத்தில் வைத்தால் என் கணக்கு இதுதான். மணலுக்குக் கோவா, பண்டிகைக்கு நாகர்கோவில், பயணத்துக்குப் பாண்டி. மூன்றிலும் முதலிடம் இல்லாவிட்டாலும் பிள்ளையின் இரண்டு துண்டு நாளுக்கு மிகச் சரியாகப் பொருந்துவது ஃபோர்ட் கொச்சி. எல்லாம் நடை தூரம், மழை பயமில்லை, ராத்திரி ஏறினால் காலையில் எர்ணாகுளம்.

தாத்தா பாட்டி இல்லாத கிறிஸ்மஸா என்ற கேள்விதான் பாக்கி இருந்தது. “பிள்ளைய ஓட்டல்லயா மக்களே கிறிஸ்மஸ் விடிய வைக்கப் போற?” என்று மாமியார் போனில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்காரர்தான் வாங்கி, “அம்மா, நீங்களும் அப்பாவும் அங்க வந்துடுங்க” என்றார். நாகர்கோவிலிலிருந்து எர்ணாகுளத்துக்குப் பகல் ரயிலே இருக்கிறது. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், “அங்க நம்ம சபைக் கோயில் உண்டா?” புனித பிரான்சிஸ் ஆலயம் இப்போது சி.எஸ்.ஐ. ஆலயம்தான் என்றதும் பேச்சு வேறு திசைக்குப் போய்விட்டது: முந்திரிக்கொத்தை எந்த டப்பாவில் எடுத்துவருவது என்று. எனக்கும் லாபம்தான். அடுப்படி யாருக்கும் இல்லை. 24-ஆம் தேதி ராத்திரி பசிலிக்காவில் நள்ளிரவுத் திருப்பலியைப் பார்க்கப் போனால் பிள்ளைக்குக் காவலும் இருக்கிறது.

இதே முடிவுக்கு வருகிறவர்கள் தேதியில் கவனமாக இருங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. டிசம்பர் 21 இரவு கிளம்ப வேண்டுமென்றால் அக்டோபர் 22 காலை எட்டு மணிக்கு விரல் தயாராக இருக்க வேண்டும். கேரளத்துக்காரர்கள் எல்லோரும் ஊருக்குப் போகிற வாரம் அது, ஒன்பது மணிக்கெல்லாம் காத்திருப்போர் பட்டியல்தான். பிள்ளைக்குத் தனி பெர்த் எடுப்பதா என்றால், கீழ் பெர்த் ஒன்று உறுதியாகக் கிடைத்தால் தேவையில்லை.

வீட்டைப் பணம் கட்டி உறுதி செய்வதற்கு முன் போனில் பேசிவிடுங்கள், படங்களை நம்ப வேண்டாம். பழைய மரவீடுகளில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும், கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே ஒரு பிள்ளை நுழையும். தரைத்தள அறை கேளுங்கள். ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறதா, வெந்நீர் எந்நேரமும் வருமா, முற்றத்தில் கிணறோ மீன்தொட்டியோ உண்டா என்று கேளுங்கள். நான் கேட்ட வீட்டில் அந்தச் சேச்சி, கிணற்றுக்கு இரும்பு கிரில் போட்டுப் பூட்டியிருக்கிறது, சாவி தன் இடுப்பில்தான் இருக்கும், கொசுவலையை மட்டும் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள் என்றார். அங்கேதான் முன்பணம் கட்டியிருக்கிறோம்.